ஈய ஊருக்குப் போன செம்புக் கல்

நாள் 1, வெள்ளி

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறும்போது என் தோள்பையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பஞ்சு சுற்றிய ஒரு கல், பத்துக் கண்ணாடித் தகடுகள், நூல் கட்டிய ஒரு காந்தம். மற்றபடி பாட்டிக்கு இரண்டு கைலி, மாமாவுக்கு ஒரு சட்டை. ஆறு நாள் லீவு. சுங்கை சிப்புட்டில் பாட்டியின் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா. கல்லையும் கூடவே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் மாமா. போன தீபாவளிக்கு அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பாதியில் பதில் சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். அது ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்து காஜா தாண்டியதும் ஜன்னலில் குளங்கள் வரத் தொடங்கின. தெரியாதவர்கள் ஏரி என்று நினைப்பார்கள். எல்லாம் ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம், தோண்டிவிட்டுப் போன குழிகள். உலகத்திலேயே அதிகமாக வெள்ளீயம் எடுத்த நாடாக மலாயா இருந்த காலத்தில் அதன் நடு இடம் பேராக் மாநிலத்தின் இந்தக் கிந்தா பள்ளத்தாக்குதான். 1985-ல் விலை விழுந்தது, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, குழிகளில் மழைநீர் நிறைந்தது. ஈப்போவுக்குப் பிறகு சுண்ணாம்புக்கல் மலைகள், எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபடி செம்பனை. அப்புறம் எங்கள் ஸ்டேஷன்.

மாமா பழைய சாகா காரோடு, எங்கள் பேச்சில் காடி, வந்திருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், வெயிலில் கறுத்துப் போயிருந்தார். பாட்டி இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீட்டில் இருக்கிறார். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்து ரொம்ப நாளாகிறது. பன்னிரண்டு வயதில் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போன கை. என் கன்னத்தைத் தடவும்போது இன்றும் மரப்பட்டை மாதிரிதான் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் மாமா மறக்காமல் ஆரம்பித்தார்.

"ஏம்மா, கல்லப் பத்தித்தான படிக்கிற. இந்த பேராக்குல எங்க தோண்டுனாலும் ஈயம். செம்பு லம்பம்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல. ஏன்?"

டின்னைத் திறந்து கல்லை மேசையில் வைத்தேன். சாம்பல் நிறம், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், அந்தக் கோடுகளில் பித்தளை நிறத்தில் ஊசிப்பொட்டு ஊசிப்பொட்டாக மின்னல். சபாவில் ரானாவ் பக்கம் மாமுட் என்ற இடத்தின் கல். மலேசியாவின் ஒரே செம்புச் சுரங்கம் அங்கேதான் இருந்தது. 1975-ல் தொடங்கி 1999-ல் மூடினார்கள். மாமா கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "தங்கமா?" என்றார். இல்லை, சால்கோபைரைட். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம், எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே செம்பு.

பதிலை நாளைக்கு ஓடையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா மகனுக்குப் பதினொரு வயது. காந்தத்தை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டான்.

நாள் 2, சனி

காலையில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு ஜாலோங் பக்கம் போனோம். கிழக்கே பெரிய மலைத்தொடர் மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. தீபகற்பத்தின் இரண்டாவது உயரமான கோர்பு மலை, 2183 மீட்டர், அந்தத் தொடரில்தான் இருக்கிறது. அத்தனையும் கிரானைட். ஓடையில் கிடப்பதெல்லாம் அந்த மலையின் துண்டுகள்.

ஒரு பெரிய கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைப் படிகங்கள், நடுநடுவே கண்ணாடி மாதிரிக் குவார்ட்ஸ், கறுப்பு பயோடைட் தகடுகள். மெயின் ரேஞ்ச் என்ற இந்த மலைத்தொடரின் கிரானைட்டை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளைப் படிகங்கள் மறக்காது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது.

தம்பியிடம் நூலைப் பிடிக்கச் சொன்னேன். காந்தம் கல்லுக்கு ஒரு விரல்கடை தள்ளித் தொங்கியது. ஆடி நின்றது. பக்கத்தில் கொண்டுபோனான், கல்லையே தொட்டான். ஒன்றுமில்லை. அப்புறம் மாமுட் கல்லை நீட்டினேன். நூல் மெதுவாகச் சாய்ந்தது. சட்டென்று காந்தம் கல்லின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, இழுக்குது!"

மாமா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கேள்விக்கான பதிலின் முதல் பாதி அந்த நூலின் சாய்வில் இருந்தது.

ஷுன்சோ இஷிஹாரா என்ற ஜப்பானிய அறிஞர் 1977-ல் கிரானைட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்றில் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கும், காந்தம் இழுக்கும். மற்றதில் மேக்னடைட் கிட்டத்தட்ட இருக்காது; கறுப்பாக இருப்பது இல்மனைட், சாதாரணக் காந்தத்துக்கு அசையாது. பாறைக்குழம்பு ஆழத்தில் உருகிக் கிடந்தபோது அதில் ஆக்சிஜனின் கை ஓங்கியிருந்தால் இரும்பு மேக்னடைட்டாகப் படியும், இல்லாவிட்டால் இல்மனைட்டோடு நின்றுவிடும். இதை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தால் செம்பு, மாலிப்டினம் எல்லாம் மேக்னடைட் பக்கம் வருகின்றன. வெள்ளீயம் இல்மனைட் பக்கம் வருகிறது. இத்தனை எளிமையான ஒரு சோதனை இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

ஏன் அப்படி? இங்கே கந்தகத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த குழம்பில் கந்தகம் சல்ஃபைடாக இருக்கும். செம்பின்மேல் அதற்குத் தீராத ஆசை. இரண்டும் சேர்ந்து கனமான சொட்டுகளாகி, எண்ணெய் தண்ணீரோடு ஒட்டாமல் பிரிவது போலப் பிரிந்து, ஆழத்திலேயே தங்கிவிடும். குழம்பு மேலே ஏறி வரும்போது கையில் செம்பு இருக்காது. ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் அதே கந்தகம் சல்ஃபேட்டாக மாறிவிடுகிறது. சல்ஃபேட்டுக்குச் செம்பு வேண்டாம். செம்பு கரைந்த நிலையிலேயே கடைசி வரைக்கும் வரும்.

வெள்ளீயத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் வெள்ளீயம் நான்கு மின்னேற்றத்தோடு இருக்கும், டைட்டானியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் உறையும் கனிமங்களுக்குள்ளேயே அடைபட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் இரண்டு மின்னேற்றம்தான். எந்தப் படிகமும் அதைச் சேர்த்துக்கொள்ளாது. உறைய உறைய மிச்சமிருக்கும் குழம்பில் அது கூடிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டில்தான் காசிட்டரைட் என்ற வெள்ளீயத் தாதாக வந்து விழும். கரிப்பொருள் கலந்த பழைய வண்டல்களை உருக்கி உண்டான குழம்பு என்றால் ஆக்சிஜன் குறைவதில் ஆச்சரியம் இல்லை.

"அப்ப ஒண்ணுக்கு நல்லது இன்னொண்ணுக்கு ஆகாது" என்றார் மாமா. அவ்வளவுதான். நான் பத்து வரியில் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார். (கிந்தாவின் ஈயத் தாதுக்களிலும் சால்கோபைரைட் பொட்டுப் பொட்டாக உண்டு. சுரங்கம் வைக்கிற அளவுக்கு இல்லை.)

தம்பி அத்தையின் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்திருந்தான். மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினோம். முன்பெல்லாம் சீனத்துப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று டூலாங் தட்டில் இப்படித்தான் ஈயம் அரித்தார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். தட்டின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு மிஞ்சியது. காந்தத்தைக் காட்டினோம். ஒரு மணிகூட எழுந்து வரவில்லை. அந்தக் கறுப்பு மணலை ஒரு மைலோ பாக்கெட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நாள் 3, ஞாயிறு

நாள் முழுக்க மழை. திருவிழாப் பந்தல் போடுகிறவர்களுக்கு வேலை ஓடவில்லை, மாமாவுக்கு லாரி இல்லை. எல்லாரும் வீட்டில். மேசையைத் துடைத்து, காற்றாடியை நிறுத்தச் சொல்லி, தகடுகளை விரித்தேன்.

ஒவ்வொரு தகட்டிலும் கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து ஒட்டியிருக்கும். தலைமுடியைவிட மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் கல் கல்லாகத் தெரியாது, சாயம் போட்ட கண்ணாடியாகத் தெரியும். கைபேசி கேமராவில் மாட்டும் சின்ன உருப்பெருக்கி லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக இருப்பது பயோடைட், அதன் ஓரத்திலிருந்து பச்சை ஏறிக்கொண்டு வருவது குளோரைட். "பாசி புடிச்ச மாதிரி இருக்கு" என்றார் பாட்டி. ஒருவகையில் சரிதான், சுடுதண்ணீர் ஓடிய இடமெல்லாம் பயோடைட் பச்சையாகிவிட்டது.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. செம்புத் தாது உண்டாக்குகிற அதே சுடுதண்ணீர் பாறையின் பழைய அடையாளங்களை அழித்துவிடுகிறது. வெள்ளைப் படிகங்கள் களிமண்ணாகின்றன, மேக்னடைட் கரைகிறது, காந்தச் சோதனை பொய் சொல்லத் தொடங்குகிறது. முழுப் பாறையையும் அரைத்துப் பகுப்பாய்வு செய்தால் கிடைப்பது சுடுதண்ணீரின் கணக்கு; குழம்பின் கணக்கு கிடைக்காது. குழம்பு குழம்பாக இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால், எந்தச் சுடுதண்ணீருக்கும் அசையாத ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி சிர்கான். ஒரு மணி 0.1 மில்லிமீட்டர், பெரிதாக இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு. இலங்கையில் மாத்தறை வைரம் என்று விற்ற நிறமற்ற கல் இந்தக் கனிமம்தான். நேற்று அரித்த கறுப்பு மணலிலும் இது இருக்கும். ஈயம் எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலை இங்கே அமாங் என்பார்கள். இல்மனைட், மோனசைட், சிர்கான் எல்லாம் கலந்தது.

சிர்கானைப் பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. கல்லை உடைத்து, சலித்து, கனமான திரவத்தில் மூழ்கடித்து, அடியில் தங்குவதை உருப்பெருக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நூறு மணி பொறுக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பிறகு பிசினில் வரிசையாகப் பதித்து, பாதி மணி தேய்ந்து உள்பக்கம் தெரியும்வரை மெருகேற்றி, 30 மைக்ரான் அகலத்தில் லேசர் சுடுவோம். எழும் தூசியை ஹீலியம் வாயு அடித்துக்கொண்டு போய் நிறமாலைமானிக்குள் தள்ளும். ஒரு நிமிஷத்துக்குள் இருபது, முப்பது தனிமங்களின் அளவு திரையில் ஏறிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யுரேனியமும் காரீயமும் வயதைச் சொல்கின்றன. மாமுட்டுக்குப் பக்கத்துக் கினபாலு மலையின் கிரானைட் 70 முதல் 80 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது இப்படித்தான். இந்த ஊர்க் கிரானைட்டுக்கு முன்னால் அது கைக்குழந்தை.

நான் தேடுவது வேறு இரண்டு பெயர்கள்: சீரியம், யூரோப்பியம். இரண்டும் அருமண் தனிமங்கள்.

சிர்கானுக்குள் நான்கு மின்னேற்றத்தோடு உட்கார்ந்திருப்பது சிர்கோனியம். அந்த இடத்துக்கு வேறொன்று வர வேண்டுமானால் அளவும் பொருந்த வேண்டும், மின்னேற்றமும் பொருந்த வேண்டும். அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று மின்னேற்றம்தான், தயங்கித் தயங்கித்தான் உள்ளே வரும். சீரியம் மட்டும் ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் நான்காகிவிடும். அப்படியே பொருந்தி உள்ளே போய்விடும். ஆக, சிர்கானில் அக்கம்பக்கத் தனிமங்களைவிடச் சீரியம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது அந்தக் காலத்து ஆக்சிஜனின் அளவுகோல். 2002-ல் பல்லார்ட், பாலின், கேம்பல் என்ற மூவர் சிலியின் சுக்கிகமாட்டா – எல் அப்ரா வட்டாரத்தில் இதைச் சோதித்தார்கள். செம்புத் தாதோடு வந்த ஊடுருவல் பாறைகளின் சிர்கான்களில் நான்கு மின்னேற்றச் சீரியம் கூடுதலாக இருந்தது. வெறுங்கல்லாக நின்றவற்றில் குறைவு.

யூரோப்பியம் இதைத் தலைகீழாகச் சொல்லும். ஆக்சிஜன் குறைந்தால் அது இரண்டு மின்னேற்றமாகி, வெள்ளைப் படிகமான பிளாஜியோகிளேஸுக்குள் போய்விடும். பின்னால் வளரும் சிர்கானுக்கு மிச்சம் இருக்காது, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். குழம்பில் தண்ணீர் நிறைய இருந்தால் பிளாஜியோகிளேஸ் தாமதமாகத்தான் உறையும். அப்போதும் பள்ளம் ஆழமாகாது. ஆக ஆழமில்லாத பள்ளம் என்றால் ஆக்சிஜனும் தண்ணீரும் மிகுந்த குழம்பு. சிர்கானில் இருக்கும் யூரோப்பியத்துக்கும், பள்ளம் இல்லாவிட்டால் இருந்திருக்க வேண்டிய அளவுக்கும் உள்ள விகிதம் 0.3-க்கு மேலே இருந்தால் செம்பின்மேல் நம்பிக்கை வைக்கலாம் என்று துறையில் சொல்வார்கள்.

இந்த 0.3-ஐப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அதைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் டைட்டானியம் உள்ள டைட்டனைட் படிகம் வளர்ந்திருந்தால் அது மற்ற அருமண்களை உறிஞ்சி யூரோப்பியத்தை மட்டும் விட்டுவைக்கும். ஆக்சிஜன் கூடாமலே எண் கூடிவிடும். தகட்டைக் கண்ணால் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது மாதிரி. இன்னொன்று, நல்ல சகுனமுள்ள குழம்பெல்லாம் சுரங்கமாகிவிடாது. வாய்ப்பு இருந்தது என்பதைத்தான் சிர்கான் சொல்லும், நடந்தது என்பதைச் சொல்லாது.

மழை நிற்கவில்லை. அத்தை பஜ்ஜி போட்டார்.

சாயங்காலம் பாட்டி பல்வலி என்றார். கிராம்பு வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் அபடைட்டைக் காட்டினேன்: தகட்டில் அறுகோணமாக ஒரு நிறமற்ற துளி. கால்சியமும் பாஸ்பேட்டும். நம் பல்லும் எலும்பும் இதே குடும்பம். பற்பசையில் ஃபுளோரின் போடுவது பல்லின் அபடைட்டுக்குள் அது புகுந்து உறுதியாக்கும் என்பதால்தான். பாறையிலும் இதே கதை. குழம்பில் இருந்த ஃபுளோரின், குளோரின், தண்ணீர், கந்தகம் எல்லாம் அபடைட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சம் இடம் பிடிக்கும். எனக்கு அதில் முக்கியம் குளோரின். செம்பு சுடுதண்ணீரில் தனியாகப் பயணம் செய்யாது, குளோரினோடு கைகோத்துத்தான் கரையும். உப்பில்லாத தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் செம்பைச் சுமக்க ஆள் போதாது.

ஆனால் அபடைட் சிர்கானைப் போல உறுதியானது இல்லை. பின்னால் வந்த சுடுதண்ணீரில் குளோரினைப் பறிகொடுத்துவிடும். அதனால் சிர்கான் மணிக்குள்ளேயே சிக்கிக்கொண்ட அபடைட்டைத் தேடுகிறோம். பெட்டிக்குள் பெட்டி. வெளியே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. மாமுட் தகடுகளில் அப்படிப்பட்டவை இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டு புள்ளிகளையும் பாட்டி விரலால் தொட்டுப் பார்த்தார், கண்ணாடியில் மஞ்சள் ரேகை பதிந்தது. துடைக்க மனம் வரவில்லை.

நாள் 4, திங்கள்

பள்ளி விடுமுறை. மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் கூட்டமே இல்லை. தம்பியையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஈப்போ பக்கம் தம்புன் வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். சுண்ணாம்புக்கல் மலை நேர்ச்சுவராக நிற்கிறது, அடியில் ஆவி. பாட்டி முழங்கால்வரை தண்ணீரில் வைத்து அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இது எரிமலைச் சூடு இல்லை. மழைநீர் விரிசல் வழியாக ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது. செம்புத் தாதை உண்டாக்கும் தண்ணீர் வேறு ரகம், பாறைக்குழம்புக்குள்ளிருந்தே பிரிவது. சோடா போத்தலைத் திறந்ததும் நுரை கிளம்புகிறதே, அப்படி. குழம்பு பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்ததும் அழுத்தம் குறைகிறது, தண்ணீர் பிரிகிறது, குளோரினும் செம்பும் கந்தகமும் அதோடு போய்விடுகின்றன. மேலே இருக்கும் பாறையை ஆயிரம் ஆயிரம் விரிசலாக உடைக்கிறது. என் கல்லில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் அந்த விரிசல்களில் படிந்த குவார்ட்ஸ்.

குவார்ட்ஸைப் பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே நீர்த்துளிகள் அடைபட்டிருக்கும். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குமிழி, சிலவற்றில் கனசதுரமாக ஒரு உப்புக்கல். சூடாக்கிக்கொண்டே போனால் குமிழி சுருங்கும், உப்பு கரையும், ஒரு வெப்பநிலையில் எல்லாம் ஒன்றாகிவிடும். துளி அடைபட்டபோது எவ்வளவு சூடு இருந்தது என்று அதிலிருந்து கணக்குப் போடலாம். அமெரிக்காவின் பிங்கம் கேன்யன் சுரங்கத்துக் குவார்ட்ஸை இப்படி ஆராய்ந்தவர்கள் 2005-ல் வெளியிட்ட முடிவு: தண்ணீர் 425 பாகை செல்சியஸிலிருந்து 350 பாகைக்குக் குளிர்ந்தபோதுதான் செம்பு படிந்திருக்கிறது. அந்த 75 பாகைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சராசரிப் பாறையில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு அளவில் கிடக்கும் செம்பு, 0.5 சதவீதத் தாதாக, 150 மடங்குக்கு மேலே திரண்டுவிடுகிறது. இப்படிக் குழம்புத் தண்ணீரிலிருந்து விரிசல்களில் படியும் தாதைப் போர்ஃபிரி வகை என்பார்கள்; உலகச் செம்பில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அதிலிருந்து வருகிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கரண்டு ஒயரும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. பக்கவாட்டில் பரவிப் போகப் போகக் குளிர்கிறது, பாறையைப் பச்சையாக்குகிறது. நேற்று பாட்டி பாசி என்று சொன்ன குளோரைட். கண்ணுக்கு எல்லாப் பச்சையும் ஒன்றுதான். லேசருக்கு அப்படி இல்லை. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் பத்து ஹிஜாவ் என்று ஒரு பெரிய செம்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வில்கின்சனும் அவர் கூட்டாளிகளும் செய்த வேலை 2015-ல் வெளிவந்தது. தாதின் நடுவுக்குப் பக்கத்துக் குளோரைட்டில் டைட்டானியம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைகிறது, ஸ்டிரான்சியம் கூடுகிறது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் நடு எவ்வளவு தூரம் என்று சுமார் 5 கிலோமீட்டர்வரை சொல்ல முடிகிறது. காட்டுக்குள் ஒரு பச்சைக் கல்லை எடுத்து, தாது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் அது பதில் சொல்கிறது. கண்டபடி துளை போட்டுக் காட்டை அழிக்காமல் தேடுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காட்டைப் பற்றிச் சொல்லும்போது மாமுட்டைச் சொல்லாமல் விட முடியாது. சுரங்கம் மூடிய பிறகு அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. நிறம் அழகாகத்தான் இருக்கும். சல்ஃபைடுக் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகும். அந்த அமிலம் செம்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்து வைத்திருக்கிறது. கந்தகமும் செம்பும் சேராமல் இருந்ததால்தான் அந்தத் தாதே உண்டானது. கடைசியில் சேர்ந்தன, நாம் தோண்டி வெளியே போட்டோம். அதே ரசாயனம்தான் இன்றைக்கு அங்கே ஓடைகளில் இறங்குகிறது. எனக்கு அந்தக் கல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதுவும் நினைவுக்கு வரும்.

நாள் 5, செவ்வாய்

திருவிழா. தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் பத்துக் குடும்பம்கூட இல்லை. இன்று மட்டும் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் காடி காடியாக வந்து இறங்கினார்கள். அம்மனுக்கு மஞ்சள் சேலை, வேப்பிலை, உறுமி. பாட்டியைப் பார்த்ததும் அவர் வயதுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பால் மரம் வெட்டிய பழைய நிரை எண்ணைச் சொல்லி அடையாளம் கேட்டுக்கொண்டார்கள்.

கோயிலுக்குப் பின்னால் சமையல். எல்லாம் அலுமினியச் சட்டி. மூலையில் ஒரு செம்பு அண்டா கவிழ்த்துக் கிடந்தது, மேலே பழைய சாக்கு. தம்பியும் நானும் புரட்டினோம். வெளியே கறுத்திருந்தது. உள்ளே பாதி வெள்ளி மாதிரி மங்கல் வெள்ளை, மீதி சிவப்பு, சிவப்பின் ஓரத்தில் பச்சைக் களிம்பு.

"ஈயம் போயிருச்சு" என்றார் பாட்டி. "முன்ன வருஷா வருஷம் ஒருத்தர் வருவாரு. அடுப்புல சட்டியக் காய்ச்சி, நவச்சாரத்தப் போட்டு, ஈயத்தத் தேச்சு, பஞ்சால ஒரே இழுப்பு. கண்ணாடி மாதிரி ஆயிரும். அவரு போனப்புறம் யாரும் வரல. புளி பட்டா விஷமாயிரும்னு அப்படியே போட்டுட்டாங்க."

அண்டாவின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். வெள்ளையும் சிவப்பும் சேரும் கோடு வழவழப்பாக இருந்தது. மூன்று நாளாக ஆக்சிஜன் என்றும் மின்னேற்றம் என்றும் நான் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு உலோகங்களும் இங்கே ஒட்டிக் கிடந்தன. ஒரே பாறைக்குழம்பில் சேர்ந்து திரளாதவை. அந்த வெள்ளை இந்த மலையிலிருந்தே அரித்து எடுத்ததாகக்கூட இருக்கலாம். செம்பு எங்கோ எரிமலைத் தொடரின் அடியிலிருந்து கடல் தாண்டி வந்தது.

மாமா மணியைக் காட்டினார். "இதுலயும் ரெண்டும்தான?" ஆமாம். வெண்கலம். மணி வார்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். குறைந்தால் ஓசை மந்தமாகும், கூடினால் உடையும். மாமா அதற்குள் கயிற்றைப் பிடித்துவிட்டார். தீபாராதனை முடியும்வரை அவரேதான் அடித்தார். யாருக்கும் கயிற்றைக் கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கோயில் கமிட்டி ஆட்களோடு உட்கார்ந்து பேசினோம். ஈயம் பூசத் தெரிந்தவர் ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இருக்கிறாரா என்று விசாரிப்பதாகச் சொன்னார்கள். நானும் கேஎல்லில் கேட்கிறேன் என்றேன்.

நாள் 6, புதன்

மதியம் ரயில். மைலோ பாக்கெட்டில் இருந்த கறுப்பு மணலைத் தம்பி இரண்டாகப் பிரித்தான்: பாதி எனக்கு, பாதி அவனுக்கு. என் பங்கில் சிர்கான் பொறுக்கப் போகிறேன். அவற்றின் யூரோப்பியப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மாமுட் மணிகளுக்குப் பக்கத்திலேயே வைத்து அளக்க வேண்டும். ஆழமாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்க்க வேண்டும். லேசர் வேளை அடுத்த மாதம் 14-ம் தேதி கிடைத்திருக்கிறது.

காந்தத்தை அவனிடமே விட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் காடியை இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னான். சாலையோரத்துக் கல் இரண்டுக்கும் நூல் சாயவில்லை. மூன்றாவது இடத்தில் லேசாக ஆடியது. காற்று, என்றார் மாமா. இல்லை என்று சொல்லி அந்தக் கல்லைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டான். என் ரயில் கிளம்பும்போது அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு, காடி ஜன்னலுக்கு வெளியே நூலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.